ஏழாம் வாசலின் பெட்டிகள்

மூன்று நிறுவனங்கள் அனுப்பியிருந்த கைக்கணினிகளையும் அவள் தன் கையாலேயே கீழே போட்டாள். தோள் உயரம், சிமெண்டுத் தரை, ஒவ்வொன்றுக்கும் பத்து முறை. முதற்கருவி நான்காம் முறை விழுந்தபோது பேட்டரி ஒரு பக்கமும் மூடி ஒரு பக்கமுமாகப் பிரிந்து ஓடின. இரண்டாவது எட்டு முறை தாக்குப்பிடித்து, ஒன்பதாம் முறை முகத்தில் நீளக் கீறல் ஒன்றை வாங்கிக்கொண்டது. மூன்றாவது பத்து முறையும் விழுந்து, துள்ளி, விளக்கு அணையாமல் கிடந்தது. அதைக் கொண்டுவந்த விற்பனையாளர்தான் பத்து முறையும் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னும் எத்தனை தடவை மேடம்?"

"முடிஞ்சுது. கண்ணைத் திறக்கலாம்."

"மாப்பிள்ளை தேடுறவங்க கூட இவ்வளவு சோதிக்க மாட்டாங்க."

"அவங்க சோதிக்காததாலதான் பின்னாடி கஷ்டப்படறாங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த சோதனைக்கு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள்.

அவள் அந்தக் கிடங்கின் இருப்புப் பொறுப்பாளர். நூற்றுச் சொச்சம் கடைகளுக்கு அங்கிருந்துதான் சரக்குப் போகிறது. ஏற்றுமேடையில் வரிசையாகப் பன்னிரண்டு வாசல்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு லாரி பின்பக்கமாக ஒட்டி நிற்கும். உருளைப் பாதையில் பெட்டிகள் உருண்டுவரும். வாசலில் நிற்பவர் கைக்கணினியைப் பெட்டியின் ஒட்டுச்சீட்டுக்கு நேரே பிடித்து விசையை அழுத்துவார். படித்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாகக் கருவி ஓர் ஒலி எழுப்பும். பெட்டி லாரிக்குள் போகும். அதே கணத்தில் கடைக்குரிய பட்டியலிலும் அது ஏறிவிடும். வேலை இவ்வளவுதான். இதை நாளொன்றுக்கு ஆயிரம் முறை பிழையில்லாமல் செய்யவேண்டும் என்பது மட்டுமே அதிலுள்ள கடினம்.

பழைய கருவிகளுக்கு வயது பதினொன்று. சிலவற்றின் திரையில் எழுத்து தெரிவதற்கு அதைக் குறிப்பிட்ட ஒரு கோணத்தில் சாய்க்கவேண்டும். சிலவற்றின் பேட்டரியை ரப்பர் பட்டைகள் காப்பாற்றிவந்தன. உதிரிப்பாகம் கேட்டு எழுதியதற்கு, அருங்காட்சியகத்தை அணுகலாம் என்ற பொருளில் மிக மரியாதையான பதில் வந்திருந்தது. ஆகவே மாற்றுவதா வேண்டாமா என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை. எதற்கு மாற்றுவது என்பதை அவள் பொறுப்பில் விட்டார்கள்.

அவள் நாற்பத்தொரு விதிகள் கொண்ட தேவைப் பட்டியல் ஒன்றை எழுதினாள். விழுந்தால் உடையக்கூடாது. தூசியும் நீரும் புகக்கூடாது. ஒரு முழு வேலைநேரத்துக்குப் பேட்டரி தாங்கவேண்டும். கையுறையோடு தொட்டாலும் திரை கேட்கவேண்டும்; வாசல் வெயிலிலும் எழுத்து தெரியவேண்டும். ஏழு ஆண்டுகளுக்கு உதிரிப்பாகம் உறுதி. எல்லாக் கருவிகளின் எழுத்தளவும் ஒளியும் ஓசையும் ஒரே சீராக அமைந்திருக்கவேண்டும். பட்டியலில் ஒரு காற்புள்ளி கூடத் தன் இடத்தை விட்டு நகர்ந்திருக்கவில்லை. விற்பனையாளர் அதைப் படித்துவிட்டு, "இதுக்கு நான் பதில் எழுதணும்னா லீவு போடணும் மேடம்" என்றார், ஆனால் எழுதினார்.

மூன்றாம் கருவி தேறியது. திங்கள் முதல் வெள்ளி நண்பகல் வரை பன்னிரண்டு வாசல்களிலும் வெள்ளோட்டம். சரியாக வந்தால் கிடங்கு முழுவதற்குமான அறுபது கருவிகளுக்கு அவள் கையெழுத்திட வேண்டியது. திங்களன்று பேட்டரி மாலைவரை நின்றது. திரை வெயிலில் பளிச்சென்றிருந்தது. பழைய கருவி மூன்று முறை முக்கிப் படிக்கும் கசங்கிய சீட்டைப் புதியது பார்த்த மாத்திரத்தில் படித்தது. அன்று மாலை அவள் நெடுநாளுக்குப் பிறகு ஒன்றையும் யோசிக்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

செவ்வாய்க் காலை முதல் தொலைபேசி வந்தது. கடை ஒன்றில் லாரியை இறக்கியபோது, பட்டியலில் இல்லாத இரண்டு பெட்டிகள் இருந்தனவாம். பிறகு இன்னொரு கடை. பிறகு மற்றொன்று. பெட்டி லாரியில் ஏறியிருக்கும், பட்டியலில் ஏறியிருக்காது. புதன் மாலைக்குள் அப்படிப் பத்தொன்பது பெட்டிகள் சேர்ந்துவிட்டன. அவற்றுள் பதினான்கு ஏழாம் வாசலில் ஏற்றப்பட்டவை.

ஏழாம் வாசலில் நிற்பவர் அவளுடைய அத்தான். அக்காவின் கணவர். கிடங்கில் அவருக்குப் 'பூஜ்யம்' என்று பெயர்; வேறெங்கும் வசவாகும் அச்சொல் அங்கே பட்டம். மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் பிழைக்கணக்கில் அவர் பெயருக்கு எதிரே இருக்கும் எண்ணால் வந்தது. பதினேழு ஆண்டுகளாக அந்த எண் மாறியதில்லை. மேல்மாடி அலுவலகத்துக்கு வரும்படி இருமுறை அழைத்தார்கள். "உக்காந்தா எனக்கு முதுகு வலிக்கும்" என்று இருமுறையும் மறுத்துவிட்டார்.

மேலாளர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். கெட்டவர் அல்லர், கணினித்திரையில் சிவப்பாக ஏதேனும் தெரிந்தால் அதைப் பச்சையாக்காமல் அவருக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

"என்னம்மா இது? புது மெஷின் வந்து மூணு நாள். பதினாலு பெட்டி ஒரே வாசல்ல."

"பாத்துட்டுதான் இருக்கேன் சார்."

"மெஷின்ல கோளாறா?"

"செவ்வாய்க்கிழமை ராத்திரியே ஏழையும் எட்டையும் மாத்தி வச்சுப் பாத்தேன். மெஷின் மாறுச்சு, தப்பு மாறல. ஏழுலதான் இருக்கு."

"அப்போ ஆளு."

அவள் அவர் மேசைமேல் கோணலாகக் கிடந்த எழுதுகோலை நேராக்கினாள்.

"யானைக்கும் அடி சறுக்கும்மா. வயசு அம்பத்தாறு ஆச்சு. புது மெஷின் எல்லாருக்கும் ஒத்துக்காது. மெயின் கேட்டுச் சோதனைச் சாவடில ஒரு இடம் காலியா இருக்கு. நாற்காலி, மின்விசிறி, நிம்மதி."

"சறுக்கின யானையை யாரும் கேட்டுல உக்கார வைக்கறதில்ல சார்."

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதைப் பொறுப்பாளரா சொல்றீங்களா, மச்சினியா சொல்றீங்களா?"

அந்தக் கேள்விக்குத்தான் அவள் இரண்டு நாளாக அஞ்சிக்கொண்டிருந்தாள். அவரைப் பற்றி அவள் சொல்லும் எந்த நல்ல சொல்லும் உறவுக்காரியின் சொல்லாகத்தான் காதில் விழும். கருவியைத் தேர்ந்தவளும் அவளே; எனவே கருவியைப் பற்றிச் சொல்லும் நல்ல சொல்லும் எடுபடாது. இரண்டு பக்கமும் சாட்சி சொல்லத் தகுதியற்ற ஒரே ஆள் அவள்தான்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க சார்" என்றாள்.

"அதுவரைக்கும்தான். அதுக்கப்புறம் மாத்தல் உத்தரவுல கையெழுத்துப் போட்டுடுவேன்."

அன்று இரவு அக்கா தொலைபேசியில் வந்தாள். நலம் விசாரிக்கவில்லை, நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"ஏண்டி, என்ன மெஷின் வாங்கி வச்சிருக்கே?"

"ஏன்க்கா?"

"மனுஷன் சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உக்காந்து கையைக் கையைத் திருப்பிப் பாக்கறார். கேட்டா, ஒண்ணுமில்லங்கறார். நேத்து என்னைக் கூப்பிட்டு, காலண்டர்ல இருக்கற தேதியைத் தூரத்துல நின்னு படிச்சுக் காட்டறேன், சரியான்னு பாருங்கறார்."

"சரியாப் படிச்சாரா?"

"அடுத்த மாசத்தையும் சேத்துப் படிச்சார். கண்ணுல ஒரு குறையும் இல்ல. மனசுலதான் என்னமோ. நீ ஏதாவது பண்ணு."

"பண்றேன்க்கா."

"இப்படித்தான் சின்ன வயசுல பால் பாத்திரத்தைப் பாத்துக்கறேன்னு சொன்னே" என்று அக்கா வைத்துவிட்டாள்.

வியாழன் காலை, வேலை தொடங்குமுன், அத்தானே மேல்மாடிக்கு வந்தார். பதினேழு ஆண்டுகளில் அவர் அந்தப் படிகளில் ஏறியது அபூர்வம். அறைக்குள் வந்தும் உட்காரவில்லை. நான்காக மடித்த தாள் ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"என்ன அத்தான் இது?"

"கேட்டுக்கு மாத்திக்கறேன்னு நானே எழுதியிருக்கேன். அவங்க மாத்தறதுக்கு நானே கேட்டுக்கிட்டதா இருந்தா உனக்கும் கௌரவம், எனக்கும் கௌரவம்."

"உங்களுக்கு என்ன ஆச்சுன்னு நினைக்கறீங்க?"

அவர் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "தெரியல. அதான் பயமா இருக்கு. தப்பு பண்ணா பண்ணேன்னு தெரியணும்ல? ஒவ்வொரு பெட்டியையும் நான் ஸ்கேன் பண்ணித்தான் ஏத்தறேன். கோவில்ல நின்னு சொல்றமாதிரி சொல்றேன். ஆனா பட்டியல்ல இல்லங்கறாங்க. அப்போ நான் பண்ணாததைப் பண்ணதா நினைக்கறேன்னுதானே அர்த்தம்? எங்கப்பாவுக்குக் கடைசியில இப்படித்தான் ஆரம்பிச்சுது."

அவள் தாளைப் பிரிக்கவில்லை. பிரித்தால் படிக்கவேண்டும்; படித்தால் வரவு முத்திரை குத்தவேண்டும்; அது விதி. விதிகளை மீறி அவளுக்குப் பழக்கமில்லை. எனவே பிரிக்காமல் இழுப்பறையில் வைத்தாள்.

"மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல எனக்கு அரைமணி நேரம் குடுங்க அத்தான்."

"எதுக்கு?"

"பரீட்சைக்கு."

நண்பகலில் ஏற்றுமேடை ஓய்ந்தது. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் நூறு பெட்டிகளை ஏழாம் வாசலின் உருளைப் பாதையில் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டாள். நல்ல சீட்டு, கசங்கிய சீட்டு, மூலையில் ஒட்டியது, தலைகீழாய் ஒட்டியது என்று கலந்து வைத்திருந்தாள். அத்தான் ஒவ்வொன்றாகப் படித்து லாரிக்குள் வைத்தார். மூன்று சீட்டுகளைக் கருவி முதல்முறை படிக்கவில்லை. மூன்றையும் அவர் மறுபடி அழுத்தி வாங்கினார். முடிவில் அவள் பட்டியலைத் திறந்தாள். நூறு.

"எத்தனை போச்சு?" என்றார் அவர், அடுத்த வீட்டுப் பிள்ளையின் தேர்வு முடிவை விசாரிப்பவரைப் போல.

"ஒண்ணும் போகல."

அவர் முகம் மலரவில்லை. "அப்போ இன்னும் மோசம். சில சமயம் நல்லா இருக்கேன், சில சமயம் இல்ல. எங்கப்பாவும் அப்படித்தான்."

அவளுக்கு வாயில் வந்த சமாதானத்தை அவள் விழுங்கிக்கொண்டாள். ஆறுதல் சொல்வது எளிது. அதற்குச் சான்று காட்டுவது கடினம். தனியாக இருக்கையில் நூற்றுக்கு நூறு. வேலை நடக்கையில் பிழை. மனிதர் அதே மனிதர், கருவி அதே கருவி, சீட்டுகள் அவளே பொறுக்கிய கெட்ட சீட்டுகள். இரண்டு மணிக்குச் சேர்கிற ஏதோ ஒன்று பன்னிரண்டரைக்கு இல்லை.

இரண்டு மணிக்கு வேலை தொடங்கியதும் அவள் ஏழாம் வாசலின் தூணோரம் நின்றுகொண்டாள். அத்தானைப் பார்க்கக்கூடாது, கருவியின் திரையை மட்டுமே பார்க்கவேண்டும் என்று தனக்கு விதித்துக்கொண்டாள். பெட்டிக்கு ஒரு கோடு வீதம் தாளில் கிழித்தாள். பக்கத்து எட்டாம் வாசலில் நிற்பவளுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர்; மேடையிலேயே விரைவாக ஏற்றுகிறவள்; வாயும் அதே விரைவு.

"என்னக்கா, பூஜ்யம் அண்ணாவுக்குக் காவலா?"

"உனக்குத்தான் காவல். வேலையைப் பாரு."

"என்னைப் பிடிக்கணும்னா ஓடணும், பரவாயில்லையா?"

முப்பத்தொன்பது பெட்டிகள் ஒழுங்காக ஏறின. நாற்பதாவது பெட்டியின் சீட்டுக்கு மேலே நெகிழிக் கட்டு ஒன்று குறுக்கே ஓடியிருந்தது. அத்தான் விசையை அழுத்தினார். ஒலி கேட்டது. பெட்டியைத் தூக்கி லாரிக்குள் வைத்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினார்.

திரையில் எண் முப்பத்தொன்பதிலேயே நின்றது.

"அத்தான், நில்லுங்க. அந்தப் பெட்டியை ஸ்கேன் பண்ணீங்களா?"

"பண்ணேனே."

"எப்படித் தெரியும்?"

"சத்தம் கேட்டுச்சே."

"யாரோட சத்தம்?"

உருளைப் பாதையில் அடுத்த பெட்டி வந்து அவர் இடுப்பில் மோதி நின்றது. இருவரும் அசையாமல் நின்று கேட்டார்கள். எட்டாம் வாசலில் ஓர் ஒலி. ஆறாம் வாசலில் ஓர் ஒலி. மறுபடி எட்டு. தொலைவில் மூன்றோ நான்கோ. அவள் கண்ணை மூடிப் பார்த்தாள். கூரைத் தகரத்தில் மோதித் திரும்பும் அத்தனை ஒலிகளும் ஒரே அச்சில் வார்த்தவை; ஒரே உயரம், ஒரே நீளம், ஒரே உரப்பு. எது எந்த வாசலிலிருந்து வருகிறது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"எட்டு" என்று அத்தான் மெல்லச் சொன்னார். "அவ சத்தத்தை நான் என்னுதுன்னு எடுத்துக்கிட்டேன்."

"நீங்க திரையைப் பாக்கறதே இல்லையா?"

"எதுக்குப் பாக்கணும்? பழசுல எட்டு வருஷமா திரையே தெரியாது. காதுலதான் வேலை. என் மெஷின் இருமும். எட்டாம் நம்பர் எலி மாதிரி கீச்சுங்கும். ஆறுக்குத் தொண்டை கட்டியிருக்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும் எது யாருதுன்னு சொல்லுவேன்."

"அதுங்களும் ஒரு நாள் புதுசாத்தானே வந்துது அத்தான்? அப்போ குழம்பலையா?"

"அப்போ மொத்தமே நாலு வாசல்தான். அப்புறம் ஒவ்வொண்ணும் விழுந்து விழுந்து தனக்குன்னு ஒரு குரல் வாங்கிடுச்சு."

அவள் தூணில் சாய்ந்தாள். அலுவலகம் போகுமுன் இரண்டாண்டு அவளும் மூன்றாம் வாசலில் நின்றவள்தான். அவளுடைய கருவி விக்கும். அந்த விக்கலைக் கேட்டதும் கை தானே அடுத்த பெட்டிக்குப் போகும். மேல்மாடியின் ஒன்பது ஆண்டுகளில் அதை அடியோடு மறந்திருந்தாள். மற்ற வாசற்காரர்கள் பெரும்பாலும் திரையைப் பார்த்து வேலை செய்கிறவர்கள். அரைகுறையாகக் காதை நம்பியவர்களுக்கு ஐந்து பெட்டிகள் தவறின. முழுக்க முழுக்கக் காதால் வேலை செய்த ஒரே கைகாரருக்குப் பதினான்கு தவறின. அவர் கெட்டிக்காரராக இருந்ததுதான் அவர் செய்த பிழை.

எக்ஸ்பிரஸ் பெட்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணா, என் சத்தத்தைத் திருடிட்டீங்களாமே?"

"உன் சத்தம் யாருக்கு வேணும்? நாள் முழுக்க கேட்டாச்சு" என்றார் அத்தான். மூன்று நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் கேலி அது.

அவள் அங்கிருந்தபடியே விற்பனையாளரைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"இந்த மெஷின்ல ஓசையை மாத்த முடியுமா?"

"தாராளமா மேடம். எட்டு வகை ஓசை இருக்கு. அதிர்வும் வைக்கலாம், கையில விர்ருனு தெரியும். எல்லாக் கிடங்குலயும் ஆளுக்கு ஒண்ணாத்தான் வச்சுக் குடுப்போம்."

"அப்போ எங்களுக்கு ஏன் வைக்கல?"

மறுமுனையில் தாள் புரளும் ஓசை கேட்டது. சொல்லத் தயங்கும் ஓசை. "நீங்க குடுத்த பட்டியல்ல, இருபத்தாறாவது விதி..."

"படிக்க வேண்டாம்" என்றாள். அவளுக்கு அது மனப்பாடம். 'ஓசை: உச்ச அளவு, அனைத்துக் கருவிகளிலும் ஒரே சீராக.' எழுதிய நாளில் அந்த வரி தனக்குத் தந்த மனநிறைவு வரைக்கும் நினைவிருந்தது.

"நான் அப்பவே சொல்லலாம்னு நினைச்சேன் மேடம்."

"ஏன் சொல்லல?"

"தண்ணி வாளியைக் கையில வச்சிருந்தீங்க."

மூன்றரைக்கு அவர் நேரில் வந்துவிட்டார். எட்டு ஓசைகளையும் ஒவ்வொன்றாக ஒலிக்கவைத்தார்கள். ஐந்தாவது ஓசை கேட்டதும் ஏற்றுவோர் நால்வர் துள்ளி விலகினர். அது பின்னோக்கி வரும் லாரியின் எச்சரிக்கையை அப்படியே ஒத்திருந்தது. அதை நீக்கினார்கள். மீதி ஏழு ஓசைகள், பன்னிரண்டு வாசல்கள். ஒரே ஓசையுடைய இரு வாசல்களுக்கிடையில் ஆறு வாசல்களாவது இருக்கும்படி அவள் ஒரு தாளில் பங்கிட்டுத் தந்தாள். பங்கீட்டைக் கேட்டதும் மேடையில் பிளவு உண்டாயிற்று. இரண்டாம் வாசற்காரருக்குக் கிடைத்தது கொசு போலிருக்கிறதாம். எக்ஸ்பிரஸ் தனக்கு வந்ததை மறுத்து, பதினொன்றாம் வாசலின் மணியோசை வேண்டுமென்றாள்.

"எனக்கு அதுதான் பொருத்தம்கா. ரயில் மாதிரி இருக்கு."

"பதினொண்ணுக்கும் நாலுக்கும்தான் அது. உனக்குக் குடுத்தா நாலுக்குப் பக்கம் வந்துடும்."

"அப்போ என்னைப் பதினொண்ணுக்கு மாத்திடுங்க."

"உன்னை மாத்தினா எனக்கு யாரு பேச்சுத் துணை?" என்றார் அத்தான். எக்ஸ்பிரஸ் எட்டிலேயே நின்றாள்.

அத்தான் இருப்பதிலேயே தடித்த, தாழ்ந்த ஓசையை எடுத்துக்கொண்டார். "யாரோ தொண்டையைக் கனைக்கற மாதிரி இருக்கு. எனக்கு இது போதும்." அதிர்வு வேண்டாமென்றார், வைத்துப் பார்த்தபின், "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

நான்கு மணியிலிருந்து புதிய ஓசைகளோடு வேலை நடந்தது. ஆனால் இது சரியா என்பதைச் சொல்லவேண்டியவர்கள் கடைக்காரர்கள். மாலையில் புறப்பட்ட லாரிகளும் வெள்ளி காலையில் முதலில் புறப்பட்டவையும் இறங்கி, பெட்டிகளை எண்ணி முடிக்கப் பதினொன்றாகும். மேலாளரின் கெடு பன்னிரண்டு.

பதினொன்றிலிருந்து அவள் ஒவ்வொரு கடையாகக் கூப்பிட்டாள். மற்ற வாசல்களின் கடைகளிலிருந்து புகார் ஏதும் வரவில்லை; ஏழாம் வாசலிலிருந்து ஆறு லாரிகள் போயிருந்தன. முதல் கடை: எல்லாம் சரி. இரண்டாம் கடை: சரி. மூன்றாம் கடைக்காரர் சரி என்றபிறகு வானிலையைப் பற்றியும் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள். நான்கு, ஐந்து, சரி. ஆறாம் கடையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பதினொன்று முப்பத்தைந்து. மறுபடி அடித்தாள். பதினொன்று நாற்பது. இதற்குள் மேசைமேல் இருந்த எழுதுகோல்களை நீளவாரியாக அடுக்கி முடித்திருந்தாள். பதினொன்று நாற்பத்தெட்டுக்கு எடுத்தார்கள்.

"எங்க லாரியை எண்ணிட்டீங்களா?"

"எண்ணியாச்சே."

"பட்டியல்ல இல்லாத பெட்டி ஏதாவது?"

"இல்லையே. எல்லாம் சரியா இருக்கு. ஏன், ஏதாவது தப்பா இருந்திருக்கணுமா?"

"இல்ல" என்றாள் அவள். குரல் ஒரு படி இறங்கிவிட்டதை அவளே உணர்ந்தாள். "இருந்திருக்கவே கூடாது. ரொம்ப நன்றி."

நாற்காலியில் பின்னால் சாய்ந்து, கூரையைப் பார்த்து, நான்கு நாளாக எங்கோ அடைத்திருந்த மூச்சை முழுவதுமாக விட்டாள். பிறகு எழுந்து, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு மேலாளர் அறைக்குப் போனாள்.

மேலாளர் மாறுதல் உத்தரவை எடுத்து மேசைமேல் வைத்திருந்தார்.

"என்னம்மா, ஆளா, மெஷினா?"

"ரெண்டும் இல்ல சார். நான்."

அவர் நிமிர்ந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். எந்த இடத்திலும் அத்தான் என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. ஏழாம் வாசற்காரர் என்றே சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் நூறு பெட்டி, நாற்பதாவது பெட்டியில் நின்ற எண், ஒலி மாற்றிய பிறகு ஆறு லாரிகளிலும் பிழை இல்லாதது, மற்ற வாசல்களிலும் பிழை அதோடு நின்றுபோனது.

"இதை எழுத்துல குடுக்கணும்."

"உங்க இடதுபக்கக் கோப்புல மேலயே இருக்கு சார். மூணு பக்கம்."

மேலாளர் படித்தார். சிறுநகை ஒன்று மீசையருகே தோன்றி மறைந்தது. "இருபத்தாறாவது விதியை எழுதியவர் இதன் ஆசிரியரே என்பது கவனிக்கத்தக்கது... தன்னைத்தானே இப்படி யாரும் போட்டுக் குடுத்து நான் பாத்ததில்ல."

"உண்மை சார்."

"உண்மையை இவ்வளவு ஒழுங்கா யாரும் எழுத மாட்டாங்க." உத்தரவை எடுத்து இரண்டாகக் கிழித்தார், மறுபடி நான்காக. "கேட்டுக்கு வேற ஆள் பாக்கணும். அந்தப் பெட்டிகளைப் பட்டியல்ல சேத்துட்டீங்களா?"

"பத்தொன்பதும் சேத்தாச்சு."

"அப்போ பச்சை" என்றார் மேலாளர், மிகுந்த நிம்மதியோடு, திரையைப் பார்த்து.

அறுபது கருவிகளுக்கான ஏற்புப் படிவத்தில் இரண்டு கையெழுத்துகள் வேண்டும்: தேர்ந்தெடுத்தவர் ஒருவர், பயன்படுத்துபவர் ஒருவர். பயன்படுத்துபவர் யார் என்று விதியில் குறிப்பிடவில்லை. அவள் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, இழுப்பறையிலிருந்த நான்கு மடிப்புத் தாளையும் எடுத்துக்கொண்டு ஏற்றுமேடைக்கு இறங்கினாள்.

ஏழாம் வாசலில் புதிய லாரி அப்போதுதான் வந்து ஒட்டியிருந்தது. அத்தான் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"இதை நான் திறக்கவே இல்ல" என்று தாளை நீட்டினாள். "நீங்களே வச்சுக்குங்க."

அவர் வாங்கினார். பார்க்காமல் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். சட்டென்று முகத்தை லாரிப் பக்கம் திருப்பிக்கொண்டு, இல்லாத ஒரு தூசியை அதன் கதவிலிருந்து தட்டினார். அவள் உருளைப் பாதையின் திருகாணிகளை எண்ணினாள்.

"எங்கப்பாவுக்கு வந்தது எனக்கு வரலைங்கறே" என்றார், திரும்பாமலேயே.

"வரல அத்தான். ஆறு லாரி. ஒரு பெட்டி தப்பல."

"ஆறுலயும்?"

"ஆறுலயும்."

அவர் தலையசைத்தார். மறுபடி தலையசைத்தார். பிறகு கண்ணைத் துடைக்காமல் மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கினார். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, அடிக்குறிப்பு உட்பட, நிதானமாகப் படித்தார். மேடையில் அவசரக் கூச்சல்கள் எழுந்தன. அவர் சட்டை செய்யவில்லை.

"இதுல ஓசை பத்தி ஒண்ணுமே இல்லையே?"

"புது விதி எழுதிச் சேக்கறேன். இருபத்தாறு ஆ."

"அதை எழுதறதுக்கு முன்னாடி இங்க வந்து ஒரு மணி நேரம் நில்லு. பெட்டி தூக்கு. அப்புறம் எழுது."

"சரி அத்தான்."

"எப்போ வரே?"

"திங்கக்கிழமை."

"பழைய செருப்பு போட்டுக்கிட்டு வா" என்றபடி படிவத்தைத் தூணில் வைத்துக் கையெழுத்திட்டார். பெரிதாக, கட்டத்தைத் தாண்டி. கட்டத்தைத் தாண்டியதை அவள் பார்த்தாள், அப்படியே வாங்கிக்கொண்டாள்.

எட்டாம் வாசலில் எக்ஸ்பிரஸ் கத்தினாள்: "அண்ணா! ரோலர் ஓடுது, நீங்க இன்னும் எழுதிக்கிட்டு இருக்கீங்க!"

"வரேன், வரேன். உன் லாரி பறந்துடாது."

உருளைகள் கடகடத்தன. முதல் பெட்டி வளைவில் தலைகாட்டியது. அத்தான் கைக்கணினியை இடக்கைக்கு மாற்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, பதினேழு ஆண்டுகளாக நின்ற அதே வாகில் நின்றார்.

"தள்ளி நில்லும்மா, பெட்டி வருது."

அவள் தள்ளி நின்றாள். மேல்மாடியில் முடிக்கவேண்டிய வேலைகள் நான்கு இருந்தன. நான்கையும் வரிசையாக நினைவுபடுத்திக்கொண்டாள். பிறகு ஒன்றுக்கும் அவசரமில்லை என்று தீர்மானித்து, படிவத்தை மார்போடு அணைத்தபடி, இருபது பெட்டிகள் ஏறும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.